துரோகக் கதைத் திரில்லருக்குப் பார்வையாளர் கருத்து எழுதும் முறை: ‘பிளட் சிம்பிள்’ படத்தை வைத்து ஒரு வழிகாட்டி

திருமணத்துக்கு வெளியே ஓர் உறவு, சந்தேகப்படும் கணவன், ஒரு துப்பாக்கி, ஒரு பிணம். இவ்வளவை மட்டும் வைத்துக் குறைந்த செலவில் எடுக்கப்படும் திரில்லர்களுக்குப் பார்வையாளர்கள் எழுதும் கருத்துகளைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு ஒரு விஷயம் பழகிப்போயிருக்கும். சிலர் அந்தப் பெண் செய்தது சரியா தவறா என்று பஞ்சாயத்து நடத்துவார்கள். வேறு சிலர் இவ்வளவு சின்ன பட்ஜெட்டில் இவ்வளவு செய்ததே பெரிது என்று முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போவார்கள். இரண்டு வகையையும் படித்து முடித்த பிறகும், அந்தப் படத்தைப் பார்க்கலாமா, பார்த்தால் எதில் கண் வைக்க வேண்டும் என்பது நமக்குத் தெரிவதில்லை. இந்த வகைப் படத்துக்கு உருப்படியான கருத்து எழுத விரும்புகிறவர் அந்த இரண்டு பழக்கங்களிலிருந்தும் எப்படி விலகி நிற்கலாம் என்பதை ஒரே ஒரு படத்தை வைத்துச் சொல்லிப் பார்க்கிறேன்.

எடுத்துக்கொள்ளும் படம் ‘பிளட் சிம்பிள்’. அண்ணன் ஜோயல் கோயன் இயக்குநராகவும் தம்பி ஈதன் கோயன் தயாரிப்பாளராகவும் பெயர் போட்டுக்கொண்டு, இருவரும் சேர்ந்து எழுதிய முதல் படம் இது. ஏறத்தாழ 15 லட்சம் டாலரில், 1982இல் டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டின் பகுதியில் படமாக்கப்பட்டு, 1984இல் திரைப்பட விழாக்களில் காட்டப்பட்டு, 1985 ஜனவரியில்தான் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தது. இன்றும் புதிய பார்வையாளர்கள் இதைப் பார்த்துக் கருத்துச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். நான் மேலே சொன்ன இரண்டு பழக்கங்களும் அவற்றில் அப்படியே தென்படுகின்றன. இந்தக் கட்டுரை படத்தின் கடைசிக் காட்சி வரை பேசும் என்பதால், இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

கதைச் சுருக்கத்தை எங்கே நிறுத்துவது

டெக்சஸில் பார் நடத்தும் மார்ட்டியின் மனைவி ஆபி, அதே பாரில் வேலை செய்யும் ரேயோடு ஒரு மழை இரவில் காரில் கிளம்பிப் போகிறாள். கணவன் அமர்த்திய தனியார் துப்பறிவாளன் விஸ்ஸர் அவர்களைப் பின்தொடர்ந்து, மோட்டலில் படம் எடுத்து வந்து கொடுக்கிறான். அவமானமும் ஆத்திரமும் தாங்காத மார்ட்டி, இருவரையும் கொன்றுவிட 10,000 டாலர் பேசி அதே துப்பறிவாளனை அமர்த்துகிறான். உங்கள் கதைச் சுருக்கம் இந்த இடத்தில் நின்றுவிட வேண்டும். இதற்கு அப்பால் ஒரு வரி போனாலும், பார்க்கப்போகிறவரின் கையில் இருக்கும் சொத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறீர்கள். “துப்பறிவாளன் ஒரு தந்திரம் செய்கிறான்” என்ற அளவு கூட அதிகம், ஏனென்றால் அந்தத் தந்திரத்தை எதிர்பாராமல் சந்திப்பதில்தான் படத்தின் முதல் பெரிய அதிர்வு இருக்கிறது.

முடிவைப் பற்றிப் பேசியே தீர வேண்டும் என்றால், அதற்கு முன் எச்சரிக்கை ஒன்றைப் போட்டுவிட்டு, தனிப் பத்தியாகக் கீழே தள்ளிவிடுங்கள். “கடைசியில் வில்லன் யார் என்று சொல்ல மாட்டேன்” என்று எழுதுவதும் ஒருவகையில் உடைத்துச் சொல்வதுதான், குறிப்பாக இதைப் போல வில்லன் யார் என்பதைப் படம் ஒளித்தே வைக்காதபோது.

யாருக்கு எது தெரியும் என்று எழுதிப் பாருங்கள்

கருத்து எழுத உட்காரும் முன் செய்ய வேண்டிய வேலைகளில் இதற்குத்தான் நான் அதிக நேரம் கொடுக்கச் சொல்வேன். ஒரு தாளை எடுத்து மார்ட்டி, விஸ்ஸர், ரே, ஆபி என்று நான்கு பெயர்களை மேலே எழுதி, ஐந்தாவதாகப் பார்வையாளர் என்றும் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முக்கியக் காட்சியும் முடியும்போது யாருக்கு என்ன தெரியும், யார் என்ன தவறாக நம்புகிறார்கள் என்பதை அந்தந்தப் பெயரின் கீழே ஒரு வரியில் குறித்து வாருங்கள். துரோகக் கதைத் திரில்லர்களில் திரைக்கதை நிற்பதும் விழுவதும் பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான்.

‘பிளட் சிம்பிள்’ படத்துக்கு இதைச் செய்து பார்த்தால் கிடைப்பது வியப்பானது. விஸ்ஸர் ரேயின் வீட்டுக்குள் புகுந்து ஆபியின் துப்பாக்கியைத் திருடுகிறான். உறங்கிக்கொண்டிருக்கும் இருவரையும் படம் எடுத்து, சுடப்பட்டுக் கிடப்பது போல அந்தப் படத்தைத் திருத்தி மார்ட்டியிடம் கொடுக்கிறான். வேலை முடிந்துவிட்டது என்று நம்பி மார்ட்டி பணத்தைக் கொடுத்ததும், ஆபியின் துப்பாக்கியாலேயே அவனைச் சுட்டுவிட்டுத் துப்பாக்கியை அங்கேயே போட்டுவிட்டுப் போகிறான். பிறகு தன் சம்பளப் பாக்கியைக் கேட்க வரும் ரே, நாற்காலியில் கிடக்கும் முதலாளியையும் தரையில் கிடக்கும் ஆபியின் துப்பாக்கியையும் பார்த்து, கொலை செய்தவள் ஆபிதான் என்று முடிவு கட்டிவிடுகிறான். அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு இரத்தத்தைத் துடைக்கிறான், உடலைக் காரில் ஏற்றுகிறான், வழியில்தான் மார்ட்டிக்கு இன்னும் உயிர் இருக்கிறது என்று தெரிந்துகொள்கிறான், ஆனாலும் அவனை உயிரோடே புதைத்துவிடுகிறான்.

இப்போது தாளைப் பாருங்கள். ரேயின் கீழே “ஆபி கொன்றாள், நான் முடித்தேன்” என்று இருக்கும். ஆபியின் கீழே எதுவுமே இருக்காது. அவளுக்கு ஒரு கொலை முயற்சி நடந்ததே தெரியாது. விஸ்ஸரின் கீழே வேறொரு கவலை இருக்கும்: தன் லைட்டர் காணவில்லை, திருத்திய படங்களில் ஒன்றை மார்ட்டி மறைத்துவிட்டான், இரண்டும் ரே, ஆபி கையில் சிக்கியிருக்கும் என்று அவன் நினைக்கிறான். உண்மையில் லைட்டர் மார்ட்டியின் மேசைமேல், அவன் மீன்பிடிக்கப் போய்க் கொண்டுவந்த மீன்களுக்கு அடியில் யார் கண்ணிலும் படாமல் கிடக்கிறது. இவர்களுக்குத் தெரியாத ஒன்று இவர்களுக்குத் தெரிந்துவிட்டது என்று நம்பித்தான் விஸ்ஸர் கடைசியில் இருவரையும் வேட்டையாட வருகிறான். ஐந்தாவது பெயரான பார்வையாளரின் கீழே மட்டும் எல்லாமே இருக்கும். கடைசிவரை முழு உண்மையும் தெரிந்த ஒரே ஆள் நாம்தான்; திரைக்குள் இருப்பவர்களில் எவருக்கும் நடந்ததன் முழு வடிவம் தெரியாமலே படம் முடிகிறது.

இந்தத் தாள் கையில் இருந்தால், கருத்துகளில் மிக அதிகமாகப் புழங்கும் “லாஜிக் ஓட்டை” என்ற குற்றச்சாட்டை நீங்கள் நிதானமாகச் சோதிக்கலாம். “ரே நேராக ஆபியிடம் கேட்டிருந்தால் பிரச்சினை முடிந்திருக்குமே” என்பது வழக்கமாக எழுப்பப்படும் கேள்வி. ரே அவளிடம் பேசத்தான் செய்கிறான்; ஆனால் செய்தவளுக்கு எல்லாம் தெரியும் என்று நம்புகிறவன் எதையும் பெயர் சொல்லிப் பேசுவதில்லை, “எல்லாவற்றையும் சுத்தம் செய்துவிட்டேன்” என்கிற தோரணையில் பேசுகிறான். ஒன்றுமே தெரியாத அவளோ அவன் எதைப் பற்றிப் பேசுகிறான் என்று புரியாமல் விழிக்கிறாள், அந்த விழிப்பை அவன் நடிப்பு என்று எடுத்துக்கொள்கிறான். அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடிக்கிறது. மறுமுனையில் யாரும் பேசவில்லை. கணவன்தான் அழைத்தான் என்று ஆபி சொல்கிறாள். அந்தக் கணவனைத் தன் கையால் புதைத்துவிட்டு வந்திருக்கும் ரேயின் காதில் அது எப்படி விழும் என்று யோசித்துப் பாருங்கள். இங்கே ஓட்டை எதுவும் இல்லை. ஓட்டை என்று நாம் நினைப்பது நமக்கு மட்டும் எல்லாம் தெரிந்திருப்பதால் வரும் பொறுமையின்மை.

ஆபியின் துப்பாக்கிக் கணக்கும் அப்படித்தான். அதில் இருப்பவை மூன்றே தோட்டாக்கள். ஒன்று மார்ட்டியின்மேல் பாய்கிறது; இன்னொன்று இருட்டில் ரேயின் கால் பட்டுத் தானாக வெடிக்கிறது; குழியில் கிடக்கும் மார்ட்டி ரேயைக் குறிவைத்து அழுத்தும்போது தோட்டா இல்லாத அறை வந்து நிற்பதால் வெற்றுச் சத்தம்தான் கேட்கிறது; மிச்சமிருக்கும் ஒன்று கடைசிக் காட்சிக்குப் போய்ச் சேருகிறது. “எப்போது வேண்டுமானாலும் சுடுகிறார்கள்” என்று எழுதும் முன் எண்ணிப் பார்த்துவிடுவது நல்லது.

அதற்காக எல்லாவற்றுக்கும் படத்தின் பக்கம் நின்று வக்காலத்து வாங்க வேண்டும் என்பதில்லை. மார்ட்டி இரத்தம் கக்கியபடி ஆபியின் முன்னால் வந்து நிற்கும் கனவுக் காட்சி எனக்குச் சற்று மலிவான அதிர்ச்சியாகவே படுகிறது. அவன் உயிரோடு இருப்பதாக அவள் நம்புவதற்கு அது துணை நிற்கிறது என்பது உண்மைதான், ஆனால் அந்த நம்பிக்கையை விதைக்க வேறு வழிகளும் கதைக்குள்ளேயே இருக்கின்றன. உங்களுக்கு ஒரு காட்சி பிடிக்கவில்லை என்றால் இப்படித்தான், எந்தக் காட்சி, அது கதையில் என்ன வேலை செய்கிறது, அந்த வேலைக்கு அது தேவையா என்ற வரிசையில் சொல்லுங்கள்.

மனைவியைப் பற்றி எழுதும்போது

இனி வருவது இந்த வகைக் கருத்துகள் பெரும்பாலும் வழுக்கி விழும் இடம். “அவள் ஒழுங்காக இருந்திருந்தால் மூன்று உயிர் போயிருக்காது”, “இப்படிப்பட்ட பெண்ணுக்காக யாராவது கொலை செய்வார்களா” என்ற பாணியில் எழுதப்படும் கருத்துகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். திருமண உறவைப் பற்றி ஒருவருக்கு உறுதியான நம்பிக்கைகள் இருப்பதில் தவறில்லை, அதைச் சொல்ல அவருக்கு உரிமையும் உண்டு. ஆனால் அது ஆபியைப் பற்றிய தீர்ப்பு. படத்தைப் பற்றிய தீர்ப்பாக அதை நகர்த்திவிடக் கூடாது.

இதற்கு ஓர் எளிய சோதனை இருக்கிறது. ஆபியைப் பற்றி நீங்கள் எழுத நினைக்கும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும், அது அவள் திரையில் செய்ததிலிருந்து வந்ததா, அல்லது அவளைப் பற்றி இன்னொரு பாத்திரம் சொன்னதிலிருந்து வந்ததா என்று கேட்டுப் பாருங்கள். அவள் திரையில் செய்தவை இவ்வளவுதான்: கணவனை விட்டுப் போகிறாள், ரேயோடு படுக்கிறாள், கணவன் வந்து அவளைப் பிடித்து வெளியே இழுக்கும்போது அவன் விரலை முறித்து உதைத்துத் தப்பிக்கிறாள், தனியாக ஒரு வீடு பார்த்துக்கொள்கிறாள், தன்னைக் கொல்ல வந்தவனிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்கிறாள். அவளிடம் துப்பாக்கி இருப்பதே, முதல் திருமண நாளுக்குக் கணவன் பரிசாக வாங்கிக் கொடுத்ததால்தான். அதை அவன்மேல் பிரயோகித்துவிடுவோமோ என்ற பயத்தில் கிளம்பி வந்துவிட்டதாகப் படத்தின் தொடக்கத்திலேயே அவள் சொல்கிறாள்.

“தந்திரக்காரி”, “அப்பாவி வேஷம் போடுகிறவள்” என்பவை எங்கிருந்து வருகின்றன? ஒரு காட்சியைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். பாரின் பின்பக்கம் மார்ட்டி இரவில் உட்கார்ந்திருக்கிறான். பூச்சிகளைப் பொசுக்கும் விளக்கு அவ்வப்போது சடசடக்கிறது. சம்பளம் கேட்டு வரும் ரேயிடம் அவன் கத்திக் கூச்சலிடுவதில்லை. அவள் ஒருநாள் உன்னையும் அப்பாவியாகப் பார்த்து, நான் தப்பாக ஒன்றும் செய்யவில்லையே என்று சொல்லுவாள், அதுதான் வேடிக்கை என்ற பொருளில் நிதானமாகச் சொல்கிறான். பின்னால் கொலையை மறைத்துவிட்டுக் களைத்துப்போய் நிற்கும் ரேயிடம், ஆபி ஏறத்தாழ அதே சொற்களைச் சொல்கிறாள். அவள் சொல்வது அப்பட்டமான உண்மை. ஆனாலும் ரேயின் முகம் மாறுகிறது, ஏனென்றால் அந்தச் சொற்களை அவன் கேட்பது ஆபியின் வாயிலிருந்து இல்லை, செத்தவனின் வாயிலிருந்து.

நாற்பதுகளின் அமெரிக்கக் குற்றப் படங்களில் கணவனைத் தீர்த்துக்கட்டக் காதலனைத் தூண்டிவிடும் மனைவியைப் பார்த்துப் பழகியவர்கள், ஆபியையும் அந்த வரிசையில் வைத்துப் பார்க்கக் காத்திருப்பார்கள் என்று இந்த அண்ணன் தம்பிக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. ரேயிடம் மார்ட்டி விதைத்த சந்தேகத்தை, பழைய படங்கள் ஏற்கெனவே நம்மிடம் விதைத்து வைத்திருக்கின்றன. அவள் மேலான அந்தச் சந்தேகம்தான் இந்தக் கதையை ஓட்டும் எந்திரம். சந்தேகம் இல்லாமல் ரே துப்பாக்கியைப் பார்த்ததும் காவல்துறைக்கோ ஆபிக்கோ தொலைபேசி செய்திருப்பான், படம் அங்கேயே முடிந்திருக்கும். ஆகவே ஆபியைத் தந்திரக்காரி என்று எழுதும் பார்வையாளர் படத்தைத் தாண்டி நின்று தீர்ப்புச் சொல்லவில்லை. ரே நின்ற இடத்தில் நின்றுகொண்டு, ரேயைப் போலவே ஏமாந்திருக்கிறார். உங்கள் கருத்தில் சொல்லத் தக்க செய்தி இதுதான் என்பேன்: படம் உங்களைச் சந்தேகப்பட வைத்ததா, எந்தக் காட்சியில் வைத்தது, எந்தக் காட்சியில் அதைக் கலைத்தது அல்லது கலைக்கத் தவறியது. ஆபியாக நடித்த ஃபிரான்சஸ் மெக்டார்மண்டுக்கு இதுதான் முதல் படம். அவர் எதையும் விளக்காமல், புரியாத முகத்தோடு மட்டும் நிற்பதைச் சிலர் “நடிப்பு போதவில்லை” என்று எழுதுகிறார்கள். அந்த முகத்தில் குற்றத்தையும் படிக்கலாம், அறியாமையையும் படிக்கலாம் என்பதை வைத்துத்தான் திரைக்கதை ஓடுகிறது என்பதால், நான் அதைக் குறையாக எண்ண மாட்டேன்.

ஆண்களைப் பற்றி எழுதவும் இதே சோதனை பொருந்தும். “பாவம் கணவன்” என்று எழுதுகிறவர், பணம் கொடுத்து இரண்டு பேரைக் கொல்லச் சொல்லிவிட்டு, அது நடக்கும் நேரத்தில் தான் ஊரில் இல்லை என்று காட்டுவதற்காகக் கார்ப்பஸ் கிறிஸ்டிக்கு மீன்பிடிக்கப் போனவன் அவன் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். ஆனாலும் மார்ட்டியாக நடித்த டான் ஹெடாயாவின் முகத்தில் தெரியும் அவமானம் பொய்யானதில்லை. அவன்மேல் இரக்கம் வந்தால், வந்தது என்று எழுதுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

செலவைப் பற்றி எப்படிப் பேசுவது

“சின்னப் படம், குறைகளை மன்னித்துவிடலாம்” என்ற வாக்கியத்தை உங்கள் கருத்திலிருந்து எடுத்துவிடுங்கள். பார்க்கிறவர் கொடுக்கும் நேரமும் கட்டணமும் பெரிய படத்துக்கும் சின்னப் படத்துக்கும் ஒன்றுதான். அதற்குப் பதிலாக இரண்டு கேள்விகளுக்கு விடை எழுதுங்கள்: பணம் இல்லாதது எந்தக் காட்சியில் கண்ணில் படுகிறது, பணம் இல்லாததால் எடுத்த முடிவு எந்தக் காட்சிக்கு நன்மையாக முடிந்தது.

இந்தப் படத்துக்குப் பணம் சேர்த்த விதமே அதன் வடிவத்தைக் கொஞ்சம் விளக்கும். படம் எடுக்கும் முன்பே அதற்கு ஒரு டிரெய்லர் எடுத்து, அதைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகவும் அலுவலகம் அலுவலகமாகவும் போய்ச் சிறு முதலீட்டாளர்களிடம் பணம் திரட்டினார்கள். அப்படித் திரட்டிய பணத்துக்குத் தக்கபடி ஒரு பார், அதன் பின்னறை, இரண்டு வீடுகள், நெடுஞ்சாலை, ஒரு வயல், நான்கைந்து முக்கிய நடிகர்கள் என்று கதை குறுகி நிற்கிறது. இந்தக் குறுகல் எனக்குக் குறையாகத் தெரியவில்லை. ஒருவரை ஒருவர் தவறாகப் புரிந்துகொள்ளும் கதைக்கு ஊர் முழுக்க ஆட்கள் இருந்தால், யாராவது ஒருவர் உண்மையைச் சொல்லிவிடுவார்.

ஒளிப்பதிவைப் பாராட்ட விரும்புகிறவர் “கேமரா வேலை அருமை” என்று நிறுத்திவிடாமல் எதையாவது ஒன்றைக் காட்ட வேண்டும். பாரி சோனன்ஃபெல்ட் ஒளிப்பதிவு செய்த படம் இது. பாரின் நீண்ட மேடைமேல் கேமரா ஊர்ந்து வருகிறது; வழியில் ஒரு குடிகாரர் தலையைக் கவிழ்த்துக்கொண்டு கிடக்கிறார்; கேமரா அவர் தலைக்கு மேலே எழும்பி, தாண்டி, மறுபக்கம் இறங்கித் தன் பயணத்தைத் தொடர்கிறது. காசு செலவில்லாத இந்தக் குறும்பு, படத்தை எடுத்தவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதை ஒரு நொடியில் சொல்லிவிடுகிறது. கடைசிக் காட்சியில் விஸ்ஸர் சுவரின் மறுபக்கமிருந்து சுடச் சுட, ஒவ்வொரு தோட்டா துளைத்த ஓட்டை வழியாகவும் ஒரு வெளிச்சக் கோடு இருட்டறைக்குள் பாய்வதும் இதே சிக்கனத்தின் பிள்ளைதான். கார்ட்டர் பர்வெல்லின் பியானோ இசையைப் பற்றியும் இப்படி ஓரிடத்தைச் சுட்டி எழுதினால் போதும்.

மெதுவாக நகர்கிறது என்ற புகார்

படம் மெதுவாகப் போகிறது என்று எழுதுவதில் தவறில்லை, எந்தப் பகுதி என்று சொன்னால். ரே பிணத்தைக் கண்டது முதல் வயலில் விடியும் வரை ஏறத்தாழ வசனமே இல்லாமல் போகும் நீண்ட பகுதியைத்தான் பெரும்பாலானவர்கள் குறிப்பிடுகிறார்கள். அவன் இரத்தத்தைத் துடைக்கிறான். துடைக்கத் துடைக்க அது தரையில் இன்னும் அகலமாகப் பரவுகிறது. பிறகு நெடுஞ்சாலையில் ஊர்ந்து போகும் மார்ட்டியின் பின்னால், மண்வெட்டி தார்ச்சாலையில் உராயும் ஓசையோடு நடந்து போகிறான்; தொலைவில் ஒரு லாரியின் விளக்குகள் நெருங்கி வருகின்றன. ஒரு மனிதனைக் கொல்வதும் மறைப்பதும் எவ்வளவு நேரம் பிடிக்கிற, அசிங்கமான, உடல் நோகிற வேலை என்பதை வேகமாகக் காட்ட முடியாது. உங்களுக்கு அது இழுவையாகவே பட்டால் அப்படியே எழுதுங்கள், ஆனால் “முதல் பாதி லாக்” என்று நிறுத்தாமல் எந்தக் காட்சிக்குப் பிறகு உங்கள் கவனம் சிதறியது என்று சொன்னால், உங்களைப் போன்ற ரசனை உள்ளவருக்கு அது பயன்படும்.

பிறரின் கருத்துகளைப் படிக்கும்போதும் இந்த அளவுகோல் உதவும். படம் வெளியானபோது அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட் இதை வெகுவாகப் பாராட்டினார். ஒவ்வொரு பாத்திரமும் எடுக்கும் முடிவு அந்தந்த நேரத்தில் நியாயமாகத் தெரிந்தும் எல்லாம் சேர்ந்து ஒரு சிக்கலாக மாறுவதை அவர் கவனித்தார். ‘நியூயார்க்கர்’ இதழில் விமர்சகர் பாலின் கேல் இதைக் கடுமையாகத் தாக்கினார். வாழ்க்கை அனுபவத்தோடு இதற்குத் தொடர்பு இல்லை, பாணி என்ற அளவில் பார்த்தாலும் பெரிதாக ஒன்றுமில்லை என்பது அவர் கட்சி. இரண்டு பேரும் பார்த்தது ஒரே படம்தான். ஈபர்ட் பேசுவது கதையின் பின்னலை. கேல் கேட்பது இந்த மனிதர்கள் பின்னலுக்கு வெளியே எங்காவது உயிரோடு இருக்கிறார்களா என்று. நான் ஈபர்ட் பக்கம், ஆனால் கேலின் கேள்வியைத் தள்ளிவிட முடியவில்லை: ஆபிக்கும் ரேக்கும் இடையே இருப்பது காதலா, வெறும் தப்பித்தலா என்பதைப் படம் எங்கும் நிறுத்தி விசாரிப்பதில்லை. துரோகம் பற்றிய படத்தில் அந்த உறவின் சூடு நமக்குக் கிடைக்கவில்லை என்பது நியாயமான குறை, அதை எழுதுங்கள். ஒழுக்கத் தீர்ப்பை விட அது பல மடங்கு பயனுள்ள குறை.

விருதுகளை வைத்துத் தீர்ப்பை நிலைநாட்ட வேண்டாம். 1985இல் பின்னால் சன்டான்ஸ் என்று பெயர் மாறிய விழாவில் நடுவர் குழுவின் பெரும்பரிசு கிடைத்தது, விஸ்ஸராக வந்த எம். எம்மெட் வால்ஷுக்கு இன்டிபென்டென்ட் ஸ்பிரிட் விருது கிடைத்தது. இவை தகவல்கள், ஒரு வரிக்கு மேல் இடம் கொடுக்கத் தேவையில்லாதவை.

அனுப்பும் முன்

எந்தப் பதிப்பைப் பார்த்தீர்கள் என்று மறக்காமல் குறிப்பிடுங்கள், ஏனென்றால் இந்தப் படத்தில் அது உண்மையிலேயே வேறுபாட்டை உண்டாக்குகிறது. 2000ஆம் ஆண்டு மறுவெளியீட்டின்போது கோயன் சகோதரர்கள் படத்தை இன்னும் சில நிமிடங்கள் சுருக்கினார்கள். வழக்கமாக இயக்குநர் பதிப்பு என்றால் நீளும், இது குறைந்தது. அதன் தொடக்கத்தில் பழைய படங்களைப் பாதுகாக்கும் நிபுணர் என்று ஒரு போலி ஆள் வந்து கம்பீரமாக அறிமுக உரை ஆற்றுவதைச் சிலர் உண்மை என்று நம்பி மேற்கோள் காட்டியும் விடுகிறார்கள். பழைய வீடியோ கேசட்டில் உரிமைச் சிக்கலால் ‘ஃபோர் டாப்ஸ்’ குழுவின் பாடலுக்குப் பதில் வேறு பாடல் சேர்க்கப்பட்டிருந்தது. ஒருவர் “பாட்டு பொருந்தவில்லை” என்றும் இன்னொருவர் “பாட்டுத் தேர்வு அபாரம்” என்றும் எழுதியிருந்தால், சண்டையைத் தொடங்கும் முன் இருவரும் எதைப் பார்த்தார்கள் என்று கேளுங்கள்.

மதிப்பெண் கொடுப்பதாக இருந்தால், அதை எழுதி முடித்த பிறகு கொடுங்கள். முதலில் எண்ணைப் போட்டுவிட்டால், பிறகு எழுதுவதெல்லாம் அந்த எண்ணுக்குக் கட்டும் முட்டுக்கொடுப்பாகிவிடும்.

கடைசிக் காட்சியைப் பற்றி எழுதினால், அந்த ஒரு வசனத்தை மட்டும் மேற்கோளாகப் போடாதீர்கள். கதவுக்கு அப்பால் இருப்பவனைத் தன் கணவன் என்றே நம்பிக்கொண்டு ஆபி ஒரு வரி சொல்வதும், அடிபட்டுக் கிடக்கும் விஸ்ஸர் அதற்குச் சிரித்துக்கொண்டே பதில் சொல்வதும் படத்தின் மொத்தக் கணக்கும் ஒரே நேரத்தில் தீரும் இடம். முன்கூட்டியே தெரிந்திருப்பவருக்கு அங்கே ஒன்றும் நிகழாது. அந்தக் காட்சி உங்களைச் சிரிக்க வைத்ததா, நடுங்க வைத்ததா என்று மட்டும் சொல்லுங்கள். இரண்டும் என்றால், அதையே எழுதுங்கள்.

பிறகு எழுதியதை ஒருமுறை மேலிருந்து கீழாகப் படித்து, ஆபியைப் பற்றிய வாக்கியங்களை மட்டும் அடிக்கோடிட்டுப் பாருங்கள். அவற்றில் மார்ட்டியின் குரல் கேட்கிற வாக்கியங்களை அடித்துவிட்டு, மிச்சத்தை அனுப்புங்கள்.